முங்கிய ஈரல்

கஸ்பார் மோத்தா மூச்சை ஒரு தடவை அடக்கிவிட்டு வெளியே விடுவதற்குள் தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்தைப் பேசி, நிச்சயம் பண்ணி, பந்தி பரிமாறி, மாப்பிள்ளையும் மாமனாரும் கைகலந்து, சமாதானமும் ஆகிவிடலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவர் கஸ்பார்தான் என்பதும் ஊருக்குத் தெரியும்.

வாலிபத்தில், சங்குக்காரர்களின் கரையான சங்குமாலிலிருந்து போய்ச் சங்கு குளித்தவர். கடலடியில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தைப் பார்த்துத் திருக்கை மீன்களே கவலைப்பட்டு மேலே போய்ச் சொல்லிவிட்டு வந்தன என்பார். கடல் அவரை ஓய்வு பெறச் சொன்ன பிறகு, புறவழிச்சாலையில் இருந்த பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே ஒரு கூடத்தைப் பிடித்து, 'சங்குமால் மூச்சுப் பயிற்சி நிலையம்' என்று போர்டு மாட்டினார். போர்டில் அவர் படம் இருந்தது. பக்கத்தில் ஒரு சுறாமீன் பயந்து ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சாலையில் மூச்சு சொல்லிக்கொடுக்க அவர் மட்டுமா இருந்தார்? ஒரு யோகா மாஸ்டர், ஒரு ரிட்டயர்டு கால்பந்து நடுவர், பலூன் ஊதி உலகச் சாதனை செய்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு நபர் என்று வரிசையாகக் கடை விரித்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கூட வடை தட்டிக்கொண்டே, "இழுங்க, நிறுத்துங்க, விடுங்க" என்று ஓசியில் வகுப்பு எடுப்பார். காற்றை வைத்துப் பிழைத்த தெரு அது.

ஆனால் ஆஸ்பத்திரி ஸ்கேன் மிஷினுக்குள் மூச்சடக்குவதில் கஸ்பாரிடம் படித்தவர்கள்தான் தோற்றதே இல்லை. அப்படியிருக்க, அவருடைய மனைவி மெற்றில்டாவின் ஈரலில் கட்டி என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ஜில்லாவிலேயே மூச்சடக்கத் துப்பில்லாத ஒரே ஜீவன் அவள். வாயை மூடினால்தானே மூச்சு நிற்கும்? கோயிலில் சாமியார் எல்லோரையும் மௌனமாக ஜெபிக்கச் சொல்லும்போது, மெற்றில்டா மாதாவிடம் மீன்விலை பேசிக்கொண்டிருப்பாள்.

"ஈரலப் படம் புடிக்க எதுக்குவே மூச்சப் புடிக்கணும்?" என்று கேட்டாள். வகுப்பின் முதல் நாள். கணவனுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ மூச்சு விட்டா ஈரலும் ஏறி எறங்கும்ட்டி. எம்ஆர்ஐ மிஷினு மெதுவாத்தான் படம் புடிக்கும். ஈரலு ஆடுனா படம் கலங்கிப் போவும்."

"கலங்குனா?"

"நிழல் வராது."

"நிழல்னா எங்க வீட்டுச் செவுத்துல விழுதே, அதுவா?"

"ஏட்டி, கேளு. அந்தப் படத்த வச்சி கம்ப்யூட்டரு உன் ஈரல் மாதிரியே இன்னொரு ஈரல் செய்யும். அதுல ரத்தம் ஓடும். கட்டியும் இருக்கும். டாக்டருமாரு தொடை வழியா ஒரு மெல்லுசு குழாய விட்டு ஈரல் வரைக்கும் கொண்டு போவாவல்லா? அத மொதல்ல நிழலுக்குள்ள லச்சம் மட்டம் ஓட்டிப் பாக்கும். எந்த ரத்தக்குழா கட்டிக்குச் சோறு போடுதோ, அதுக்குள்ள மருந்த எறக்கி அடச்சிரணும். எவ்வளவு மருந்து, எந்த வேகம், எல்லாத்தையும் நிழலே சொல்லிரும். பொறவு மிஷின் கை அதே மாதிரி உனக்குச் செய்யும்."

"அப்போ டாக்டரு?"

"பாத்துக்கிட்டு இருப்பாரு."

"நீரு கல்யாணத்தன்னைக்கு எங்கம்மா வேல செய்யத பாத்துக்கிட்டு இருந்தீரே, அப்பிடியா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும் ஈரலில் கட்டி. கஸ்பாரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது, மனைவியின் கண்ணின் வெள்ளையில் லேசான மஞ்சள் படர்ந்திருந்ததைப் பார்த்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போனார்.

நிழல் வராவிட்டால் சிகிச்சை கிடையாது என்பது சட்டமாகியிருந்த காலம் அது. முன்பு டாக்டர்கள் கையால் குழாய் ஓட்டியபோது சில தவறுகள் நடந்து, கோர்ட் வரை போய், கடைசியில் இனி மனிதக் கையே வேண்டாம் என்று முடிவானது. கலங்கிய படத்தோடு வெளியே வருகிறவர்களை அந்தத் தெருவில் பார்த்தவுடனே தெரியும். ஆஸ்துமாக்காரர்கள், தொண்டு கிழங்கள், மேல்மூச்சு வாங்கும் பருத்த உடம்புக்காரர்கள். எதிர்ச்சாரிக்கு வந்து டீ குடிப்பார்கள். டீக்கடைக்காரர் அவர்களிடம் மட்டும் மூச்சைப் பற்றிப் பேசமாட்டார்.

கஸ்பாரின் வெற்றிக்கு ஒரு வித்தை இருந்தது. ஐஸ் தண்ணீரில் முக்கியெடுத்த துண்டு. மிஷினுக்குள் போகும்முன் அதை முகத்தில் நன்றாக அழுத்திக்கொள்ளச் சொல்வார். "முகம் நனைஞ்சாத்தான் ஒடம்புக்குக் கடலுன்னு தெரியும். கடலுன்னு தெரிஞ்சா அதுவா மூச்ச மூடிக்கிடும். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். கண்ண மூடிக்கிட்டு சங்கு தேடுங்க."

அவர்கள் தேடினார்கள். சுலைமான் காக்கா தேடினார், செண்பகவல்லி டீச்சர் தேடினார், உப்பளத்து மாடசாமி தேடினார். எல்லோருக்கும் கண்ணாடிபோலப் படம் வந்தது. சுலைமான் காக்கா நன்றிக்கு ஒரு பெட்டி மக்ரூன் கொடுத்தனுப்பினார். நிழல் கம்பெனிக்காரர்களே சென்னையிலிருந்து வந்து, இந்தப் படங்களைத்தான் இனி மாதிரிப் படங்களாக வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று சொல்லி, கஸ்பாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அவர் மீன் வாங்கப் போனார், முடி வெட்டப் போனார், ஒரு சாவு வீட்டுக்குக் கூடப் போனார்.

டாக்டர் செங்கோட்டுவேல் ஒரு மத்தியானம் அந்தக் கூடத்துக்கு வந்தார். ஈரோட்டுக்காரர். குழாய்ச் சிகிச்சைப் பிரிவின் தலைவர். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார்.

"வாங்க டாக்டரய்யா! நம்ம எடத்துக்கு நீங்க வர்றதுன்னா கடலே கரையேறி வந்த மாதிரில்லா!"

"ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கோணும். நீங்க இவங்களுக்கு என்னதான் சொல்லிக் குடுக்கறீங்க?"

கேட்கவேண்டுமா? கஸ்பார் அவரை நாற்காலியில் உட்கார்த்தினார். விரலில் நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப்பை மாட்டினார். அந்த நிலையத்தில் எல்லோரும் தங்கள் துடிப்பைப் பார்த்துக்கொண்டே பழகுவது வழக்கம். மெற்றில்டா ஐஸ் துண்டைப் பிழிந்து கொண்டுவந்தாள். "டாக்டரு மொகத்துல நான் தண்ணி ஊத்துனேன்னு ஊருல சொன்னா நம்புவாவளா?" என்றாள்.

டாக்டர் மூச்சை இழுத்து நிறுத்தினார். துண்டு முகத்தில் விழுந்தது. கஸ்பார் கிளிப்பைக் காட்டிப் பெருமையோடு விளக்கிக்கொண்டிருந்தார். "பாருங்க, எறங்குதா? இன்னும் எறங்கும். நெஞ்சு ஆறுதலா அடிக்கும். எங்க கூட்டத்துல பச்சப்புள்ளைக்கும் இது தெரியும். முங்குனா ஒடம்பு சிக்கனமாயிரும். கையி காலு சில்லிட்டுப் போவும், வயிறு ஒட்டிப்போவும். ரத்தம்லாம் நெஞ்சுக்கும் மூளைக்கும் ஓடிரும்."

டாக்டர் துண்டை எடுத்தார். முகத்திலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"வயிறு ஒட்டிப்போகுமுங்களா?"

"ஆமா. வயித்துல ரத்தமே நிக்காது."

"வயித்துல என்னென்னங்க இருக்குது?"

கஸ்பார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். குடல் என்று சொன்னார். இரைப்பை என்றார். மூன்றாவதைச் சொல்லவில்லை. டாக்டர் விரலிலிருந்து கழன்ற கிளிப் தரையில் விழுந்து உருண்டது.

"மெற்றில்டா, டாக்டருக்கு ஒரு டீ வாங்கிட்டு வா," என்றார்.

அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க ஆளுங்களோட நிழல்ல ரத்தக்குழாயெல்லாம் நூலாட்டம் இருக்குதுங்க. அதுக்குத் தகுந்தாப்பல மிஷின் மருந்த அளக்குது. ஆனா மேசைல படுத்திருக்கறப்ப அவங்க சும்மா மூச்சு விட்டுட்டுத்தானே இருக்கறாங்க? நெசமான குழா அகலமா இருக்குதுங்க. நூலுக்குன்னு வெச்ச எடத்துல, நூலுக்குன்னு வெச்ச வேகத்துல மருந்து போனா, கட்டில பாதிதான் நிக்குது. மிச்சம் நல்ல ஈரலுக்குள்ள வழிஞ்சு போயிருதுங்க. கட்டி பொழச்சுக்குது. நல்ல ஈரல் செத்துப்போகுது."

"சுலைமான் காக்கா..."

"போன மாசம் மௌத்தாயிட்டாருங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

கஸ்பாருக்குத் தெரியும். பொன்னாடையோடு போன சாவு வீடு அதுதான். நோய் முற்றிவிட்டது என்றுதான் அங்கே பேசிக்கொண்டார்கள்.

"நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீய? ஸ்கிரீன்ல குழா பெருசா இருக்கது உங்களுக்குத் தெரியல?"

"தெரிஞ்சுதுங்க." டாக்டர் ஈரத் துண்டை மடித்தார். விரித்தார். மறுபடி மடித்தார். "கைய வெச்சா மிஷின் பூட்டிக்குமுங்க. லைசென்ஸ் போயிரும். எதோ கொஞ்சம் வித்தியாசம்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒருத்தருக்கு இருக்கும். ரெண்டு பேருக்கு இருக்கும். அப்புறமேலுக்குத்தான், இதுமாதிரி ஆனவங்க எல்லாரும் ஒரே எடத்துல படிச்சவங்கன்னு பட்டுது."

வாசல் போர்டில் சுறாமீன் பயந்து ஓடிக்கொண்டே இருந்தது.

"சரி, துணிய நிறுத்திருதேன்," என்றார் கஸ்பார். "நிறுத்துனா படம் கலங்கும். கலங்குனா நிழல் இல்ல. நிழல் இல்லன்னா..." அவர் வாசலைப் பார்த்தார். மெற்றில்டா டீயோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். வரும் வழியிலேயே லாரிக்காரனோடு ஒரு சண்டை.

"ஒரு வழி இருக்குதுங்க," என்றார் டாக்டர். "நிழல் வராதவங்களுக்குப் பழையபடி கையில செய்யறதுக்கு மனு போடலாம். இதுவரைக்கும் ஒண்ணும் ஒத்துக்கல. ஆனா நான் போடறேன். அம்மாவுக்கு நானே செய்யறேன். எங் கையாலயே பதினெட்டு வருசம் குழா ஓட்டியிருக்கறேனுங்க. மறந்து போகல. மொதல்ல அவங்க படம் கலங்கோணும்."

அப்படியாக, அந்தத் தெருவின் சரித்திரத்திலேயே முதன்முறையாக, ஒரு மனிதர் தன் மனைவியின் படம் கலங்கவேண்டும் என்று பனிமய மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்.

படம் எடுக்கும் நாளன்று மெற்றில்டா தலைவாரி, பூ வைத்து, பிறகு மிஷினுக்குள் ஊசி கூடக் கூடாது என்றதும் பூவைக் கொண்டை ஊசியோடு கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள்.

"துணி எங்கவே?"

"உனக்கு வேண்டாம்."

"ஊருக்கெல்லாம் உண்டு. கட்டுனவளுக்குக் கெடையாதா?"

"உனக்குத் துணி ஆவாதுட்டி. சளி புடிச்சிரும். நீ சாதாரணமா இரு. பேசணும்னு தோணுனா பேசு."

அவள் நின்றாள். நாற்பது வருஷத்தில் இந்த மனுஷன் அவளைப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

மிஷின் தட்டியது, இடித்தது, தகரக்கூரையில் தேங்காய் விழுவதுபோல அதிர்ந்தது. பதிவுசெய்த பெண் குரல், "மூச்சை நிறுத்துங்கள்" என்றது. உள்ளேயிருந்து மெற்றில்டாவின் குரல், "நிறுத்துதேன், நிறுத்துதேன், அவசரப்படுத்தாத" என்றது. "மூச்சை விடுங்கள்" என்றபோது, "எப்பமோ விட்டாச்சு" என்றது. வெளியே ஆபரேட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். கஸ்பார் கையிலிருந்த மல்லிகைப் பூவை மார்போடு அழுத்திக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதுவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு மோசமான படத்தை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. சுனாமியைப் படகிலிருந்து படம் எடுத்த மாதிரி இருந்திருக்கும்.

மறுநாள் போனில் தகவல் வந்தது. 'நிழல் தயார். தரம்: மிகத் தெளிவு. சிகிச்சைக்கு அனுமதி.'

மெற்றில்டா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "பாத்தீரா? துணியும் இல்ல, உம்ம டியூஷனும் இல்ல! கண்ணாடி மாதிரி வந்திருக்கு!" பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பூந்தி கொடுத்தாள். கஸ்பார் பூந்தியை வாயில் போட்டார். மெல்லாமலே டாக்டரைப் பார்க்க ஓடினார்.

டாக்டரின் அறையில் ஸ்கிரீன் நீலமாக மின்னியது. கறுப்பில் ஒரு ஈரல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் ஓடிய ரத்தக்குழாய்கள் தலைமுடிபோல இருந்தன.

"இது யாருக்க ஈரலு?"

"அம்மாவோடதுங்க."

"அவ முங்கவே இல்லியே டாக்டரய்யா! துணி வைக்கல. பேசிக்கிட்டேல்லா கெடந்தா! நானே கேட்டேன்!"

"படம் கலங்கித்தானுங்க வந்துச்சு. கம்பெனி போன வாரம் புதுசா ஒரு வசதி கொண்டாந்துட்டாங்க. படம் எவ்வளவு கலங்கி இருந்தாலும் மிஷினே நிரப்பிக்கும். எங்கெங்க தெளிவில்லையோ அங்கெல்லாம், நல்ல படத்துல எப்பிடி இருக்குமோ அப்பிடிப் போட்டுக்கும்." டாக்டர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல படம்னு அது படிச்சதெல்லாம் உங்க ஆளுங்க படமுங்க."

கஸ்பாருக்குப் புரிய நேரம் ஆகவில்லை. ஆனால் நம்புவதற்கு நேரமானது. "அப்போ இனிமே வாற ஆளுவளுக்கெல்லாம்?"

"மதுரைல போய்ப் படுத்தாலும், மெட்ராஸ்ல படுத்தாலும், மூச்சே அடக்காட்டியும், நிழலுக்குள்ள ஈரல் முங்கிட்டுத்தான் இருக்குமுங்க. யாரும் இனி கலங்கிப்போச்சுன்னு திரும்பிப் போக வேண்டியதில்லை. எல்லாருக்கும் அனுமதி."

கீழே சாலையில் பட்டாசு வெடித்தது. கலங்கிய படக்காரர்கள் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்துமாக்காரர்கள் டீக்கடையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனிக்குச் சொல்லலியா?"

"எழுதிப் போட்டேனுங்க. பதிலும் வந்துச்சு. நிழலைத் திருத்தறதுன்னா, முன்னாடி செஞ்சதெல்லாம் தப்புன்னு ஒத்துக்கோணும். அது ஆகாதாம். அதுக்குப் பதிலா..." டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். பளபளப்பான உறைக்குள், மடித்து வைத்த வெள்ளை நிறக் குளிர் துண்டு. "சிகிச்சை நடக்கறப்ப நோயாளி மொகத்துல இதைப் போட்டு மூச்சடக்கச் சொல்லோணுமாம். நிழலு மாறாதுங்கண்ணா. மனுசன்தான் மாறிக்கோணும்."

"அடக்க முடியாதவன்?"

டாக்டர் ஸ்கிரீனை அணைத்தார்.

மெற்றில்டாவிடம் கஸ்பார் பாதிதான் சொன்னார். மேசையில் படுத்திருக்கும்போது முங்கவேண்டும், மருந்து இறங்கி முடியும்வரை ஏறக்கூடாது, ஏறினால் மருந்து வழிந்துவிடும் என்றார். ஏன் என்று அவள் கேட்டபோது, "புது ரூல்" என்றார்.

அந்த நாட்களைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அவர் கடலையே திருடி வாளியில் கொண்டுவந்து வைத்தார் என்றுதான் சொல்லவேண்டும். ஐஸ் பார் பாராக வந்து இறங்கியது. துண்டு, வாளி, கிளிப். அவள் இழுத்தாள், நிறுத்தினாள், கன்னம் உப்பியது, கண் பிதுங்கியது. அவர் ஒரு இருமல் இருமுவதற்குள், "அடுப்புல பாலு!" என்று கத்திக்கொண்டு துண்டை வீசினாள். அடுப்பில் பால் இருக்காது.

"ஏட்டி, உசுரோட வெளையாடுத!"

"எனக்கு வரலவே. நெஞ்சுக்குள்ள எதாவது ஒண்ணு வந்து முட்டுது. சொல்லாட்டி வெடிச்சிருவேன் போல இருக்கு."

"சங்கு தேடு."

"நான் எங்கவே சங்க கண்டேன்? நீரு கொண்டாந்து போட்டதக் கழுவுனவதான நான். நாத்தம்தான் நெனப்புக்கு வருது."

அவர் கோபப்பட்டார், கெஞ்சினார், ஒரு தடவை அவள் காலைக்கூடப் பிடித்தார். அவளுக்கு வரவில்லை. சிகிச்சைக்கு முந்தைய நாள் மத்தியானம் அவர் ஐஸ் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் இரண்டு டீத் தம்ளர்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. "யாரு வந்தா?" என்றார். "ஒரு பொம்பள," என்றாள். தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலை அவள் பயிற்சிக்கும் உட்காரவில்லை. பயந்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சிகிச்சை அறைக்குள் கஸ்பார் போக முடியாது. கண்ணாடிக்கு இந்தப்புறம், எக்ஸ்ரே தாக்காமலிருக்கக் கனத்த ஈயச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மெற்றில்டா மல்லாந்து படுத்திருந்தாள். மயக்கம் கொடுப்பதில்லை. தொடையை மட்டும் மரத்துப்போகச் செய்திருந்தார்கள். மிஷின் கை அவள்மீது குனிந்து, குழாயை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல தையற்காரன் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல அவ்வளவு பதமாக.

சுவரில் இரண்டு ஸ்கிரீன்கள். இடப்பக்கம் நிழல். வலப்பக்கம் மெற்றில்டா. இடப்பக்கத்தில் முடி. வலப்பக்கத்தில் கயிறு. யார் பார்த்தாலும் இரண்டும் ஒன்றில்லை என்பது தெரியும்.

டாக்டர் செங்கோட்டுவேல் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். குழாய் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்ததும் மிஷின் ஒலி எழுப்பியது. டாக்டர் குனிந்து வெள்ளைத் துண்டை அவள் முகத்தில் விரித்தார்.

"அம்மா, இழுங்க. நிறுத்துங்க."

கஸ்பாரும் நிறுத்தினார். வேண்டுமென்று செய்யவில்லை.

வலப்பக்க ஸ்கிரீனில் கயிறு அப்படியே இருந்தது. இப்போது துண்டை வீசுவாள், இப்போது ஏதோ சொல்வாள் என்று அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் காத்திருந்தார். துண்டு அசையவில்லை. கயிறு மெலிந்தது. அவள் இருமவில்லை. கை மட்டும் மேசையின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. கயிறு இன்னும் மெலிந்து, நூலாகி, முடியாகி, இடப்பக்கத்தைப் போலவே ஆனது. மருந்து இறங்கத் தொடங்கியது. ஒரு சொட்டும் விலகவில்லை. கட்டி, விளக்கு அணைகிற வீடுபோல ஓரத்திலிருந்து இருண்டுகொண்டே வந்தது.

மருந்து முடியவில்லை. கஸ்பாருக்கு நெஞ்சு அடைத்தது. காது இரைந்தது. கடலையே குடித்தவர் என்று பெயர் எடுத்த மனுஷன், கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து காற்றை விழுங்கினார். உள்ளே அவள் இன்னும் முங்கியிருந்தாள்.

மிஷின் கை பின்வாங்கியது. டாக்டர் துண்டை எடுத்தார். மெற்றில்டா கண்ணைத் திறந்து, நிதானமாக மூச்சு விட்டாள். அறையில் இருந்த யாரும் கைதட்டவில்லை. டாக்டர் மட்டும் கண்ணாடிப்பக்கம் திரும்பி, முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

வார்டில் அவளைக் காலை அசைக்காமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் வந்து போர்வையில் விழுந்திருந்தது. கஸ்பாருக்கு உட்கார முடியவில்லை. கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எட்டி, நீ மனுசியா, ஆமையா? சங்குமால் முழுக்க வரிசையா நின்னாலும் உன் கால்தூசிக்கு வருமா? நானே பாதில ஏறிட்டேன்! எப்பிடிட்டி புடிச்ச? சங்கு கெடச்சுதா?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சுலைமான் காக்கா பொஞ்சாதி வந்துச்சு," என்றாள்.

கஸ்பாரின் கால் நின்றது.

"அந்தப் பொம்பள ஒண்ணும் வையல. டீ குடிச்சிச்சு. ஆஸ்பத்திரில யாரோ சொன்னாவளாம். ஐஸ் துணி வச்சவுகதான் போய்ச் சேருதாவ, அது நெசமா, உம்ம வீட்டுக்காரருகிட்ட கேட்டுச் சொல்லும்மான்னிச்சு. நீரு வந்தோன்ன கேக்கணும்னு இருந்தேன். நெஞ்சுல வந்து முட்டிக்கிட்டே நின்னுச்சு. கேட்டா நீரு சொல்லுவீரு. சொன்னா நாளைக்கி நான் எப்பிடி அந்த மேசைல போய்ப் படுப்பேன்? அதான் கேக்கல." அவள் உதட்டை நனைத்துக்கொண்டாள். "துணியப் போட்டாவளா, அந்தக் கேள்வி மேல வந்துச்சு. அதத்தான் புடிச்சு வச்சிருந்தேன். மூச்ச இல்ல."

வெளியே தாழ்வாரத்தில் அடுத்த ஆளைத் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போனார்கள். வண்டியில் படுத்திருந்தவரின் மூச்சு விசில்போலக் கேட்டது. அவர் மடியில் வெள்ளைப் பொட்டலம் ஒன்று இருந்தது. விசில் சத்தம் திருப்பத்தில் திரும்பி, தேய்ந்து, கதவு மூடியதும் நின்றது.

"நான் பொழச்சுக்கிடுவேனாவே?"

"பொழச்சுக்கிடுவ. டாக்டரு சொல்லிட்டாரு."

"அப்போ இப்பம் கேக்குதேன். உம்மகிட்ட படிச்சவுக எத்தன பேரு போயிட்டாவ?"

"மெற்றில்டா..."

"பேரு சொல்லும்."

கஸ்பார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் அவர் முழங்காலுக்கு வந்திருந்தது.

"சுலைமான்," என்றார்.

"பொறவு?"

"செண்பகவல்லி டீச்சர்."

ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்து, "பேசக்கூடாதும்மா, ரெஸ்ட் எடுங்க," என்றாள். மெற்றில்டா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பொறவு?" என்றாள்.